பொருத்தம் யாருடைய உரிமை?

ராத்தாவின் மகளுக்குக் காத்தான்குடியில் நிகாஹ் நடந்தபோது, கியூபெக்கின் லொங்கேயில் எங்கள் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மாப்பிள்ளை கையொப்பமிட்டார். வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, நின்ற மச்சான் போட்டார். ஓதியவரும் போட்டார். பிள்ளை அடுத்த அறையில் மருதாணிக் கையோடு இருந்தாள். புத்தகம் அவளிடம் போகவே இல்லை. "அவ எப்ப உம்மா சைன் வைப்பா?" என்று என் மகள் கேட்டாள்.

இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனிடமும் வலியிடமும் கையொப்பம் கேட்டது, மணமகளிடம் கேட்கவில்லை. அது மார்க்கம் என்று நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பொருத்த விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் பொருத்தம் பார்க்கிறதென்றால் பெண்ணை அளக்கிறதுதான். நிறம், படிப்பு, வாப்பா கட்டிக் கொடுக்கும் வீடு, அதற்கு மேல் கைக்கூலி. ஷாஃபி மத்ஹபின் நூல்களிலோ அளக்கப்படுபவன் ஆண். அவளுக்கு அவன் ஈடா என்பதே கேள்வி. அதைக் கேட்கும் உரிமை அவளுக்கும் அவளுடைய வலிக்கும் உரியது. இருவரும் மனமொப்பினால் அந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்கலாம். பெண்ணைக் காக்க வைத்த வேலியைப் பெண்ணைச் சுற்றியே கட்டிவிட்டோம்.

பரீராவை நினைத்துப் பார்க்கிறேன். அடிமையாக இருந்து விடுதலையானவள். கணவன் முகீத் இன்னும் அடிமை. சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு வந்தது. பிரிந்தாள். தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் முகீத் அவள் பின்னாலேயே திரிந்தார். நபிகளார் இரங்கி, திரும்பிப் போகலாமே என்றார்கள். இது கட்டளையா என்று கேட்டாள். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்கு வேண்டாம் என்றாள். அவளை யாரும் அடக்கமில்லாதவள் என்று சொல்லவில்லை.

அதே காலத்தில் தாபித் இப்னு கைஸின் மனைவி கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை; வாழ முடியவில்லை என்றாள். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெற்றாள். இலங்கைக் காதி நீதிமன்றத்தில் பஸஹ் என்னும் மணமுறிவு கேட்கும் பெண்ணோ கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். தலாக் சொல்ல அவனுக்குக் காரணமே தேவையில்லை.

இங்கே கியூபெக்கில் மணமக்கள் இருவரும் தம் வாயால் சம்மதம் சொல்லாமல் விவாகம் இல்லை. ஆனாலும் மார்க்க விடுதலை கிடைக்காமல் தொங்கும் பெண்கள் இங்கும் உண்டு, எங்களில் மட்டுமல்ல. மொன்றியலில் ஒரு யூதப் பெண்ணுக்கு, கொடுத்த வாக்கை மீறி, யூத முறைப்படியான விலக்குச் சீட்டை 15 ஆண்டுகள் கொடுக்காமல் இழுத்தடித்தார் கணவர். அந்த வாக்குறுதி சட்டத்திலும் செல்லும் என்று 2007 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்து, 47,500 டொலர் நட்டஈட்டை உறுதி செய்தது. மார்க்கத்தின் பெயரால் ஒரு பெண்ணை மறித்து வைப்பதற்கு நீதிமன்றம் இடம்கொடுக்கவில்லை என்று அன்று நான் ஆறுதல் பட்டேன்.

இலங்கையில் அந்த 1951 சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூஃப் குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது; அதுவும் இரண்டாகப் பிரிந்து. ஷரீஆவில் கைவைக்கிறீர்கள் என்று சொல்லும் மௌலவிமாரிடம் ஒன்று கேட்கிறேன். கன்ஸா பின்த் கிதாமை அவருடைய வாப்பா விருப்பமில்லாத இடத்தில் கட்டிக் கொடுத்தார். கன்ஸா முறையிட்டபோது நபிகளார் அந்த நிகாஹையே ரத்துச் செய்தார்கள். வாப்பா சம்மதித்தது போதாது என்று அன்றைக்கே தீர்ப்பாகியிருக்க, பிள்ளையிடம் பேனாவைக் கொடுக்க உங்களுக்கு என்ன தடை?