கிழமை குறித்த வேலை

2019 கோடையில் சென்னையே தண்ணீருக்கு அல்லாடியபோது சிட்லபாக்கம் ஏரியும் வறண்டது. ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் கையுறையும் மண்வெட்டியுமாக இறங்கி, வண்டலோடு ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பைகளை அள்ளினார்கள். பின்னர் அரசும் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அள்ளியவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கென்ன நேரம் உபரியாகவா இருந்தது? வார இறுதி என்று நாளைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ‘நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்’ என்பவருக்கு அது கிடைப்பதே இல்லை. கிழமையையும் மணியையும் குறித்துவிட்டால் மனசோடு தினமும் பேரம் பேச வேண்டியதில்லை. நடையோ, படிப்போ, இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பை மூடுவதோ, எதுவானாலும் சரி. (ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழு அதற்குள் ஒன்றும் முழுகிவிடாது.) இந்த வாரம் ஒன்றே ஒன்றுக்கு நாள் குறியுங்கள்.