சம்பளத்தைக் கேட்டோம், வேலையைக் கேட்டோமா?

சென்ற மாதம் தியாகராய நகரில் அஸ்ர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து ஸலாம் சொன்னார். "வேலை கிடைத்திருக்கிறது ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்றார். என்ன வேலை என்றேன். "சேல்ஸ்" என்றார். அதில் என்ன செய்ய வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் கேட்கவில்லை ஹஜ்ரத். கேட்டால் வேண்டாமென்று அனுப்பிவிடுவார்களே!"

அன்பர்களே! இந்த அச்சத்தைத்தான் நம்மில் பலர் அடக்கம் என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் இஜாராவின் பாடத்தைத் திறந்தால், கூலி தெரிந்திருக்க வேண்டும் என்று கூறும் இமாம்கள் அதே மூச்சில் வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சம்பளத்தை நூறு ரூபாய் வரை பேசும் நாம் மறுபாதியை அப்படியே விட்டுவிடுகிறோம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லாதவர்கள். அவர்களைவிட வேலை தேவைப்பட்டவர் யார்? ஆயினும் திருமறையின் 28வது அத்தியாயத்தில் அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக்குவது அவர்கள் விருப்பம். சிரமப்படுத்த மாட்டேன் என்று பெரியவர் சொல்லியும் மூஸா (அலை) அதோடு விடவில்லை. இரண்டு தவணைகளில் எதை முடித்தாலும் அதற்கு மேல் தம்மை நெருக்கக் கூடாது என்று உறுதி செய்து, அல்லாஹ்வையும் சாட்சியாக்கினார்கள். வேலையோ, கிணற்றடியில் அந்த மந்தைக்குத் தண்ணீர் புகட்டியபோதே கண்ணால் கண்டதுதான்.

2022ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனார்கள். அவர்களை மியான்மருக்குக் கொண்டுபோய், இணையத்தில் பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் தள்ளினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை. பாவம், மறைத்து அழைத்தவருடையது. அவர்கள் எத்தனை கேட்டிருந்தாலும் பொய்தான் பதிலாக வந்திருக்கும்.

நம் கடைத்தெருவிலோ பொய் சொல்லும் அவசியம்கூட இல்லை. கேட்பார் இல்லை, ஆகவே சொல்வாரும் இல்லை. நாள் முழுதும் நிற்க வேண்டும் என்பதே சேர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. (கடைப் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று!)

தம்பி மறுநாள் போய்க் கேட்டிருக்கிறார். காலையில் சாமான் விற்பது. மாலையில் தவணை தவறியவர்களின் வீடு தேடிப் போய் வட்டியோடு வசூலிப்பது. வட்டி வாங்குபவரோடு அதை எழுதுபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் அவருக்குத் தெரியும். நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலை வேலை மட்டும் வேண்டாமே என்று கேட்டாராம். முடியாது என்றார்களாம், கோபப்படாமல்தான்.

வீட்டில் உம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. இப்போது மைலாப்பூரில் ஒரு கடையில் கேட்டு வைத்திருக்கிறார். சம்பளம் குறைவுதான். துஆச் செய்யுங்கள்.