கடன் தவணையும் அண்டை வீட்டான் நியாயமும்

வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கிய ஒருவர் தவணை கட்ட இயலாமல் தத்தளிக்கும்போது அரசாங்கம் குறுக்கிட்டு அவருக்குக் கைகொடுப்பது நீதியாகுமா? இரக்கமாகும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், கேள்வி இரக்கத்தைப் பற்றியதன்று. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒழுங்காகத் தவணை செலுத்தி வந்த அண்டை வீட்டுக்காரருக்கு இவ்வுதவியினால் அநீதி விளைகிறதா என்பதே கேள்வி.

இக்கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 594-ஆம் ஆண்டில் அதிகாரமேற்ற சோலோன் என்பார் குடியானவர்களை நசுக்கி வந்த கடன்களை நீக்கினார். அதனைக் கிரேக்கர் 'சுமையிறக்கம்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அச்செயலோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதையும் வழங்கி வருகிறது. சட்டம் வரப்போவதை முன்கூட்டியே அறிந்த சோலோனின் நண்பர்கள் சிலர், அவசரம் அவசரமாகக் கடன் வாங்கி நிலங்களை வாங்கிக் குவித்தனராம். சட்டம் வந்தது, கடன் மறைந்தது, நிலம் நின்றது. கதை மெய்யாயினும் பொய்யாயினும், கடன் நிவாரணத்தைப் பற்றி மனிதருக்கு இருந்துவரும் ஐயத்தை அது நன்றாகக் காட்டுகிறது. நொந்தவனுக்கென்று திறக்கும் கதவில் தந்திரக்காரன் நுழைந்துவிடுவான் என்பதே அவ்வையம்.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கு மிக உரத்த குரலில் பேசப்பட்ட இடம் அமெரிக்கா. அங்கு 2006-ஆம் ஆண்டிலிருந்து வீட்டு விலைகள் இறங்கத் தொடங்கி, 2012-க்குள் நாடு முழுவதும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தன. வீட்டின் விலையைவிட அதன்மேல் நிற்கும் கடன் பெரிதாயிற்று. இலட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்கு வந்தன. 2009 பிப்ரவரி 18-இல் அதிபர் ஒபாமா அரிசோனா மாநிலத்தில் மேசா என்னும் ஊரில் பேசி, 7,500 கோடி டாலர் மதிப்புள்ள உதவித் திட்டமொன்றை அறிவித்தார். மறுநாட் காலையே சிக்காகோ நகரத்து வணிகச் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு ரிக் சான்டெல்லி என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர் கொதித்தெழுந்தார். பக்கத்து வீட்டான் கூடுதலாக ஒரு குளியலறை கட்டிக்கொண்டு கடனைக் கட்ட முடியாமல் நிற்கிறான், அவனுடைய தவணையை உங்களில் யார் கட்ட விரும்புகிறீர்கள் என்று அங்கிருந்த தரகர்களை நோக்கிக் கேட்டார். அவர்கள் ஆரவாரம் செய்தனர். 'தேநீர்க் கட்சி' எனப்பட்ட இயக்கம் பரவுவதற்கு அப்பேச்சு ஒரு தூண்டுகோலாயிற்று.

இவ்வாட்சேபத்தை வெறும் பொறாமையென்று தள்ளிவிடுவது நேர்மையன்று. சிறு வீடு போதுமென்று வாங்கியவர், பழைய காரையே ஓட்டிக்கொண்டு பிள்ளையின் படிப்புக்கும் தவணைக்கும் இடையே ஒவ்வொரு மாதமும் அல்லாடியவர், தமது வரிப்பணம் தம்மைவிடப் பெரிய வீட்டில் வாழ்பவருக்குச் செல்வதைக் கண்டு மனம் நோவது இயல்பு. ஏலம் போன வீட்டினால் தெருவிலுள்ள மற்ற வீடுகளின் விலையும் இறங்கும், ஆகவே உதவுவது உமக்கும் இலாபமே என்று அவருக்குப் பொருளாதாரப் பண்டிதர்கள் கூறும் சமாதானம் உண்மைதான். ஆயினும் அவர் கேட்டதற்கு அது விடையன்று. அவர் இலாபத்தைக் கேட்கவில்லை, முறையைக் கேட்கிறார்.

முறையைக் கொண்டே பார்ப்போம். ஒழுங்காகக் கட்டியவரிடமிருந்து எது பறிக்கப்பட்டது? அவருடைய வீடு அவரிடமே இருக்கிறது. நாணயத்தின் பயனாக அவர் பெற்றது அவ்வீடு. அண்டை வீட்டான் தெருவில் நிற்பது அப்பயனின் ஒரு பகுதியாகுமா? ஆகாதெனின், அவன் தெருவில் நில்லாமற் போவதால் இவர் ஒன்றையும் இழந்தவராகார். வரியின் வழியாகச் சிறு தொகை இவரிடமிருந்து செல்கிறது என்பது மெய். அதே வரி, தீப்பிடித்த வீட்டை அணைக்கவும் செல்கிறது. அடுப்பைக் கவனியாமல் விட்டவனின் வீடாயிற்றே என்று எந்த ஊரிலும் தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்புவதில்லை.

இவ்விடத்தில் நம்மவரிடையே வழங்கும் வேறொரு பேச்சையும் குறிப்பிடாமல் செல்லல் இயலாது. கடன்பட்டுக் கெட்டவனைக் கண்டால் அவன் தலையெழுத்து என்று கூறி நகர்ந்துவிடுவது நமது பழக்கம். மேனாட்டான் 'அவன் பேராசை' என்கிறான். நாம் 'அவன் விதி' என்கிறோம். இரண்டும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாராமல் இருப்பதற்குச் செய்துகொண்ட உபாயங்களே.

புத்தகத்தைத் திறந்தால், வழக்கில் இருவர் அல்லர், மூவர் இருப்பது தெரியும். கடன் கொடுத்தவர் எங்கே? அமெரிக்காவில் வருமானத்துக்குச் சான்று கேளாமலே கடன் கொடுத்த கம்பெனிகள் பல இருந்தன. முதலிரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டி, பிறகு ஏறும் வட்டி என்று வலை விரித்து, எழுதிய கடனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் கட்டுக்கட்டாகப் பத்திரமாக்கி விற்றுவிட்டு, தரகுப்பணத்தைப் பையில் போட்டுக்கொண்டன. வாங்கியவன் பொய் வருமானம் எழுதினான் என்றால், அப்பொய்யை விரும்பி ஏற்றவரும் ஒருவர் உண்டு. அன்றியும், 2008 அக்டோபர் 3-ஆம் நாள், அதாவது வீட்டுக்காரர் திட்டத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே, தள்ளாடிய பாங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் தூக்கி நிறுத்துவதற்காக 70,000 கோடி டாலர் வரைக்கும் செலவிட அந்நாட்டுச் சட்டசபை அனுமதி கொடுத்திருந்தது. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், குளியலறையைக் கண்டு கொதித்தவரின் கோபம் எவ்வளவு சிறிய பொருளின்மேல் பாய்ந்தது என்பது விளங்கும்.

கடன் கொடுத்தவரின் பொறுப்பு நம்மவருக்குப் புதிய பாடமன்று. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார், கடன் கேட்டு வருபவனின் முகத்தையும் குலத்தொழிலையும் கைமுதலையும் அளந்த பின்னரே பெட்டியைத் திறந்தனர். அத்தகைய கைதேர்ந்தவர்களுக்கே பர்மாவில் என்ன நேர்ந்தது? நெல் விலை விழுந்த 1930-களில் குடியானவர்கள் வட்டி கட்ட முடியாது போகவே, ஈடாக வைத்த நிலங்கள் ஒவ்வொன்றாக இவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-க்குள் அது 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது வட்டியையேயன்றி வயலையன்று. வாங்குவாரற்ற நிலமும், நிலமிழந்தோரின் பகையும் சேர்ந்து வந்தன. முடிவில் பர்மா விடுதலையடைந்த 1948-இல் வந்த நிலச் சட்டம் அந்நிலங்களையும் கொண்டு போயிற்று. எழுத்துப்படி எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும் உரிமை, எடுத்தவருக்கே உதவாமற் போவதும் உண்டு.

கடன் கொடுத்தவர்மேலேயே நட்டத்தைச் சுமத்திய சட்டமொன்றும் தமிழ்நாட்டில் இருந்தது. இராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாக இருந்தபோது 1938-இல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளிவிட்டது. அசலைப் போல் இரு மடங்கு முன்னமே கட்டித் தீர்த்திருந்தால் கடனே தீர்ந்ததென்றும் விதித்தது. இதில் அண்டை வீட்டானின் வரிப்பணம் ஒரு காசும் இல்லை. அமெரிக்காவின் 2009-ஆம் ஆண்டுத் திட்டமோ, தவணையைக் குறைக்க இணங்கும் கடன் நிர்வாகக் கம்பெனிக்கு ஒவ்வொரு கணக்குக்கும் 1,000 டாலர் கருவூலத்திலிருந்து கொடுத்தது. குற்றத்தில் பங்காளியாயிருந்தவருக்குக் கூலியும் கொடுத்ததாயிற்று. அண்டை வீட்டான் கொதிக்க வேண்டியது இங்கேதான் என்பது என் கருத்து.

அதே திட்டத்தில் நல்ல பகுதிகளும் இருந்தன. மாதத் தவணை குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு 31 பங்குக்கு மிகாமல் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் கடனாளி தாமே குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே உதவி என்றனர். 2009 ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கிய கடன் சேராது என்றனர். இதனால் சோலோனின் நண்பர்களுக்கு வாயில் அடைபட்டது. ஆயினும் 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களின் கடனைத் திருத்துவோம் என்று தொடங்கிய வேலை, 2016 முடிவில் கதவு சாத்தப்படும்போது 20 இலட்சத்தை எட்டவில்லை. கெட்டிக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று அஞ்சி அடுக்கிய காகிதங்களில் மெய்யாகவே நொந்தவர் பலர் சிக்கித் திரும்பினர்.

உதவி என்பது இனாமாகத்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. 1933-இல் மினசோட்டா மாநிலம், வீடுகளை மீட்டுக்கொள்ளும் கெடுவை நீட்டிச் சட்டம் செய்தது. ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டதென்று கடன் கொடுத்த சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934-இல் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் ஒரு பக்கமுமாக நீதிபதிகள் பிரிந்து, சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் என் மனத்தைக் கவர்ந்தது தத்துவமன்று, ஒரு தொகை. கெடு நீட்டப்பட்ட காலம் முழுவதும் அவ்வீட்டுக்குத் தகுந்த வாடகையாக மாதம் 40 டாலர் கட்டி வர வேண்டும் என்று கடனாளிக்கு நீதிமன்றம் விதித்திருந்தது. வீடும் போகவில்லை; சும்மாவும் கிடைக்கவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டும் அண்டை வீட்டான் இந்த 40 டாலரைப் பார்த்து என்ன குறை சொல்வான்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொள்ளை நோய்க் காலத்தில், 2020 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாதங்களுக்குத் தனி மனிதர்களும் சிறு தொழில்களும் பாங்கிக் கடன் தவணையை நிறுத்திக்கொள்ளலாம் என்று மலேசியாவின் மத்திய பாங்கியாகிய பேங்க் நெகாரா ஏற்பாடு செய்தது. விண்ணப்பம் வேண்டியதில்லை. ஏழை பணக்காரன் என்ற பேதமும் இல்லை. அமெரிக்காவில் எழுந்ததுபோன்ற கூச்சல் இங்கே அத்துணை உரக்க எழவில்லை. எல்லாருக்கும் கிடைத்தபின் யாரைக் கண்டு யார் எரிவது? ஆனால், கூச்சல் இல்லாமை நீதிக்குச் சான்றாகாது. அந்த ஏற்பாட்டில், ஏப்ரல் 1-ஆம் நாளில் 90 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர்கள் சேரவில்லை. கழுத்தளவு நீரில் நின்றவர்க்குக் கயிறு எறியப்பட்டது. தலை மூழ்கியவர்க்கு இல்லை. மூன்று வீடுகளைக் கடனில் வாங்கி மூன்றையும் வாடகைக்கு விட்டிருப்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மூன்று தவணைகளும் நின்றன. அவருக்கு வாடகை கட்டுபவரின் வாடகையை நிறுத்த இவ்வேற்பாட்டில் வழியில்லை.

மாதந்தோறும் செக்ரோல் எழுதும் கிராணி என்ற முறையில் எனக்கு இவ்விடமே உறுத்துகிறது. பால் மரமாயினும் செம்பனையாயினும், தோட்டத்து லயத்தில் வாழ்பவர் வீட்டை ஈடு வைத்ததில்லை. ஈடு வைப்பதற்கு வீடு அவருடையதன்று. வேலை உள்ளவரையில் கூரை உண்டு. வேலை முடிந்த நாளில் சட்டி பானைகளை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். 1950-களிலும் 1960-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, ஒரு தவணையும் தவறாதவர்கள், ஒரு கடனும் வாங்காதவர்கள், ஆயிரக்கணக்கில் வீடிழந்து போயினர். அவர்களை இவர்களோடு ஒப்பிட்டு நியாயம் கேட்க எந்தச் சந்தையிலும் எவரும் எழுந்து நிற்கவில்லை. நிவாரணம் முட்டுப்பட்டவனைத் தேடிக்கொண்டு போவதில்லை. கடன் பத்திரத்தைத் தேடிக்கொண்டு போகிறது. வரி மட்டும் பத்திரம் இல்லாதவனிடமிருந்தும், அவன் வாங்கும் சாமான்களின் விலையோடு சேர்ந்து, வந்துகொண்டுதான் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவன் ஒருவன் உண்டென்றால், ஒழுங்காகத் தவணை கட்டிய அண்டை வீட்டான் அவனல்லன். தவணை கட்டும் நிலைக்கே வராத இவன்தான். இவனைக் காட்டி வீட்டுக்காரருக்கு உதவாதே என்று சொல்வது என் நோக்கமன்று. ஒருவர் கூரையைக் காத்துக் கொடுக்கும்போது அக்கூரையின்கீழ் வாடகைக்கு இருப்பவரையும் காக்கும் நிபந்தனை உடன் வர வேண்டும் என்பதே என் வாதம்.

இது நடவாத காரியமன்று. 2020 மார்ச் 27-இல் அமெரிக்கா இயற்றிய நிவாரணச் சட்டம், மத்திய அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற வீட்டுக் கடன்களுக்கு 180 நாள் தவணை நிறுத்தம் கொடுத்து, அதனை மேலும் 180 நாள் நீட்டிக்கவும் வழி செய்தது. பல குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் அத்தகைய நிறுத்தத்தைப் பெற்றால், அக்காலத்தில் வாடகை கட்டாததற்காகக் குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்றும் விதித்தது. அரசாங்க ஆதரவுள்ள கடனின்மேல் நிற்கும் எந்த வீட்டிலும் 120 நாட்களுக்கு அக்காரணம் பற்றி வெளியேற்ற வழக்குத் தொடரலாகாது என்றது. எனினும் வாடகைப் பாக்கி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலும், தமக்கு இப்பாதுகாப்பு உண்டா இல்லையா என்று அறிய விரும்பிய வாடகைக்காரர், தம் வீட்டுக்காரர் எந்தப் பாங்கியில் எந்த வகைக் கடன் வாங்கியிருக்கிறார் என்பதை முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.