சினமடக்கமும் கல்வியே

அறியாமைக்கு எதிர்ச்சொல் அறிவு என்பதே நாம் கற்ற பாடம். பண்டை அரபு மொழியிலோ 'ஜஹ்ல்' என்னும் சொல், கல்லாமையைவிடக் கட்டுக்கடங்காத சினத்தையும் முரட்டுத்தனத்தையுமே பெரிதும் சுட்டிற்று. அதற்கு எதிராக நின்ற சொல் 'ஹில்ம்'. ஆற்றல் இருந்தும் தன்னை அடக்கிக்கொள்ளும் நிதானம் என்பது அதன் பொருள். தன் உள்ளத்தை ஆள்வதும் பிறர் உள்ளத்தை உணர்வதுமான திறனுக்கு, 1990ஆம் ஆண்டு முதல் மேலை உளவியலார் 'உணர்வுசார் நுண்ணறிவு' எனப் பெயரிட்டு ஆராய்ந்து வருகின்றனர். இரண்டும் நெருங்கிய உறவினவே.

இதனை மாணவர்க்குப் பள்ளியிலேயே பயிற்ற வேண்டும் என்கின்றனர். நன்று. ஆயினும், முதலில் பயில வேண்டியவர் யார்?

இராமேசுவரத்துத் தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை அப்துல் கலாம் அவர்கள் 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் கூறுகிறார். அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு மாணவர். கோயில் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரியாரின் மகன் இராமநாத சாஸ்திரியும் அவரும் முன்வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். புதிதாய் வந்த ஆசிரியர் அதனைப் பொறாமல், கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அது கண்டு அழுதவன், இடம் மாற்றப்படாத இராமநாதன்!

இங்கே உணர்வறிவு பெற்றிருந்தது யார்? பாடம் சொல்ல வந்தவரல்லர். பாடம் கேட்க வந்த சிறுவனே. ஆயினும் அவன் கண்ணீரால் மட்டும் அநீதி நீங்கிவிடவில்லை. செய்தியறிந்த சாஸ்திரியார் ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் பிரிவினை நஞ்சைக் கலக்கலாகாது எனச் சிறுவர் முன்னிலையிலேயே கண்டித்தார். வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டு நீங்க வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், பின்னர் மனமும் திருந்தினார்.

கண்டித்தது பொறுமைக்கு முரணாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது. தனக்கு நேர்ந்த சிறுமையைப் பொறுப்பது ஹில்ம். எளியோர்க்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டும் வாளாவிருப்பது ஹில்ம் அன்று. புண்பட்ட பிள்ளைக்கு 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் போதிக்கும் பள்ளி, உணர்வறிவைக் கற்பிக்கவில்லை, ஊமையாயிருக்கப் பழக்குகிறது.

தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்பது வள்ளுவர் கருத்து. வகுப்பறையில் செல்லுபடியாவது ஆசிரியர் சினமே. மாணவனின் குறையை வெளிப்படையாக இடித்துரையாமல் குறிப்பால் திருத்துக என்று 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியும் அறிவுறுத்துகிறார். ஆகவே உணர்வறிவுப் பாடத்திற்குத் தனி நூல் தேடுமுன், ஆசிரியரின் நாவும் முகமுமே மாணவர் நாள்தோறும் படிக்கும் நூல் என்பதை நாம் உணர்வோமாக.