தர மாட்டேன்!

‘இல்லை’ என்று சொல்ல வருமா உங்களுக்கு?

நம்மில் பாதிப் பேருக்கு வராது. நண்பன் ஒருத்தன் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். உள்ளே வயிறு கலக்குகிறது. வாய் மட்டும், “அதுக்கென்னடா, போட்டுட்டாப் போச்சு!” என்கிறது. நாம் கேட்டு வளர்ந்த கதைகள் அப்படி. முல்லைக்குத் தேர் தந்த பாரி, கவசத்தை அறுத்துத் தந்த கர்ணன் என்று கொடுத்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். மறுத்தவனுக்கு நம்மிடம் ஒரே பேர்தான்... கஞ்சன்!

இந்த வாரம் மறுத்த ஒருத்தரைப் பார்க்கலாம். பக்கத்து நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, ‘இனி ஒரு விமானம்கூடத் தரக் கூடாது’ என்று சொன்ன மனிதர். அவர் செய்தது தர்மமா என்று படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெயர் ஹ்யூ டவ்டிங். பிரிட்டிஷ் விமானப் படையில் ஏர் சீஃப் மார்ஷல். 1882-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்திருக்கிறார். கல்யாணமாகி இரண்டே வருடத்தில், 1920-ல், மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்றவர், அதற்கப்புறம் முப்பது வருடம் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேச மாட்டார், சிரிக்க மாட்டார். சகாக்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் ‘ஸ்டஃபி’. நம் பாஷையில் ‘உம்மணாமூஞ்சி’ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த உம்மணாமூஞ்சி மேலிடத்தோடு மோதுவது புதிதல்ல. முதல் உலகப் போரில், 1916-ல், பிரான்ஸில் அவருக்குக் கீழிருந்த ஒரு விமானப் பிரிவு அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. “பையன்கள் களைத்துவிட்டார்கள், ஓய்வு கொடுங்கள்” என்று தலைமைத் தளபதி டிரெஞ்சார்டிடம் கேட்டார் டவ்டிங். ஓய்வு கிடைத்தது. கூடவே ‘அழுமூஞ்சி’ என்ற கெட்ட பெயரும் கிடைத்தது. கொஞ்ச நாளில் இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1936-ல் இங்கிலாந்தின் வானத்தைக் காக்கும் ‘ஃபைட்டர் கமாண்ட்’ அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, ஆராய்ச்சித் துறையைக் கவனித்தபோது, ரேடார் என்கிற புதுச் சரக்கை நம்பி ஆதரித்தவர்களில் அவர் ஒருவர். கடலோரத்து ரேடார் கோபுரங்களிலிருந்தும், வானத்தை அண்ணாந்து பார்த்துக் கணக்கெடுக்கும் ஆட்களிடமிருந்தும் வரும் தகவலை டெலிபோன் கம்பிகள் வழியாக லண்டனுக்கு வெளியே ஓர் அறைக்குக் கொண்டுவந்தார். பெரிய மேஜை மேல் தேசப்படம். அதில் நகரும் அடையாளக் காய்கள். எந்தப் பக்கம் எதிரி வருகிறானோ, அந்தப் பக்கம் மட்டும் விமானம் கிளம்பினால் போதும். கையில் இருப்பது கொஞ்சம், அதை வீணாக்காமல் செலவழிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

விமானிக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று கேட்டார். மேலதிகாரிகள் சிரித்தார்கள். “சிகாகோ ரௌடிகளுக்கு அந்தக் கண்ணாடி கிடைக்கிறது, என் பையன்களுக்குக் கிடைக்காதா?” என்கிற மாதிரி பதில் சொன்னாராம். கண்ணாடி வந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

1940 மே 10. ஹிட்லரின் படை மேற்கே பாய்ந்தது. ஐந்தே நாளில் பிரெஞ்சுப் பிரதமர் ரேனோ, சர்ச்சிலுக்குப் போன் செய்து ‘தோற்றுவிட்டோம்’ என்றார். ‘விமானம் அனுப்புங்கள்’ என்று மன்றாடியது பிரான்ஸ். நண்பன், கூட்டாளி, ஒரே எதிரியோடு போராடுகிறவன். சர்ச்சிலுக்குக் கொடுக்க ஆசை.

மே 15-ம் தேதி போர் மந்திரிசபையில் நேரில் போய்த் தன் கவலையைச் சொன்னார் டவ்டிங். மறுநாள் ஒரு கடிதமும் எழுதினார். அலங்காரம் கிடையாது, வரிசையாகக் கணக்கு. நாட்டைக் காக்க 52 ஸ்க்வாட்ரன் வேண்டும் என்று நீங்களே முன்பு மதிப்பிட்டீர்கள். இப்போது என்னிடம் இருப்பது 36-க்குச் சமம். இதற்குக் கீழே போகக் கூடாத எல்லை எது என்று எழுத்தில் சொல்லுங்கள். பிரான்ஸைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று இருப்பதையெல்லாம் இறைத்தால், பிரான்ஸின் தோல்வி நம் முழுத் தோல்வியாகவும் ஆகிவிடும். இதுதான் சாரம்.

உடனே எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. அதே 16-ம் தேதி நாலு ஸ்க்வாட்ரனுக்குச் சமமான விமானங்களை அனுப்ப முடிவாயிற்று. பாரிஸுக்குப் பறந்த சர்ச்சில் அங்கிருந்து இன்னும் ஆறு கேட்டார். கடைசியில் ஒரு சமரசம்... அந்த ஆறும் இங்கிலாந்து மண்ணில் தங்கி, பகலில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பும். சில நாளில் சர்ச்சிலே, ‘பிரான்ஸுக்கு என்ன தேவை இருந்தாலும் இனி அனுப்புவதில்லை’ என்று உத்தரவிட்டார். ஜூன் 22-ல் பிரான்ஸ் பணிந்தது. அந்தப் போரில் பிரிட்டன் இழந்த விமானங்கள் 900-க்கு மேல்.

இப்போது பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று பாருங்கள். வீடு எரிகிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் இருக்கிறது. ‘என் வீடும் பற்றும், அதனால் தர மாட்டேன்’ என்றால் எப்படி இருக்கும்? அவர்களுக்கு வந்த கோபத்தைத் தப்பென்று சொல்ல முடியுமா?

“அப்புறம் இங்கிலாந்து ஜெயித்ததே, அதனால் டவ்டிங் செய்தது சரி” என்று சுலபமாகத் தப்பிக்கலாம். அது நியாயமான வாதம் இல்லை, சார். கடிதம் எழுதிய அன்று அவருக்கு முடிவு தெரியாது. முடிவைப் பார்த்துத் தர்மத்தை எடை போட்டால், ஜெயித்தவனெல்லாம் தர்மவானாகி விடுவான்.

எனக்குப் படுவது இதுதான். பாரி கொடுத்தது தன் தேரை. கர்ணன் அறுத்தது தன் கவசத்தை. யாரும் அடுத்த வீட்டுத் தேரைத் தூக்கிக் கொடுக்கவில்லை! டவ்டிங்கிடம் இருந்த விமானங்கள் அவருடைய சொத்து இல்லை. கீழே தூங்குகிற லட்சக்கணக்கான ஜனங்கள் நம்பி ஒப்படைத்த காவல். தன்னுடையதைக் கொடுப்பவன் வள்ளல். ஒப்படைக்கப்பட்டதை எடுத்து வள்ளலாகிறவனுக்கு வேறு பேர்.

இன்னொன்று. கேட்ட பிறகு காரணம் தேடுகிறவன் கஞ்சன். அவர் எல்லையோ கேட்பதற்கு முன்பே போடப்பட்ட எல்லை. மறுத்து மிச்சம் வைத்ததை அவர் பூட்டியும் வைக்கவில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை வானத்தில் நடந்த யுத்தத்தில் அதைச் செலவழித்தார். 544 பேர் உயிர் போனது. அந்த விமானிகளில் அவருடைய ஒரே மகன் டெரெக்கும் இருந்தார், பிழைத்தார். பிற்காலத்தில் டவ்டிங் ஆவி உலக நம்பிக்கையில் மூழ்கி, செத்துப்போன வீரர்களிடமிருந்து செய்தி வருகிறதா என்று தேடினார். அதை நாம் நம்புகிறோமோ இல்லையோ, கணக்குப் போட்ட மனிதருக்கு அந்தப் பையன்கள் வெறும் எண்ணாக இல்லை என்பது மட்டும் புரிகிறது.

விலையையும் அவரே கொடுத்தார். ராத்திரியில் வந்த குண்டுவீச்சை அவரால் தடுக்க முடியவில்லை. போர் முறை பற்றிச் சக அதிகாரிகளோடு தகராறு. வளைந்து கொடுக்கவும் தெரியாது. 1940 நவம்பரில், ஜெயித்த சூடு ஆறுவதற்குள், பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறு வருடம் விமான அமைச்சகம் அந்த யுத்தத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டது. அதில் டவ்டிங் பெயரே இல்லை! நெல்சன் இல்லாமல் டிரஃபால்கர் கதையை எழுதுவீர்களா என்று சர்ச்சிலே எரிந்து விழுந்தார். 1943-ல் பிரபு பட்டம் வந்தது. 1970-ல் இறந்தார். லண்டனில் அவருக்குச் சிலை வந்தது 1988-ல்.

‘சரி’ என்று சொல்கிறவருக்கு உடனே நன்றி கிடைத்துவிடுகிறது. அதற்கான பில் பல சமயம் வேறு யார் பேருக்கோ போகிறது. ‘இல்லை’ என்பவருக்கு அன்றைக்கே வசவு. அதனால் பிழைத்தவர்களுக்குத் தாங்கள் பிழைத்த விஷயமே தெரிவதில்லை.

உங்கள் குடும்பத்திலும் கஞ்சன் என்று பேர் வாங்கிய ஒரு பெரியப்பாவோ, அத்தையோ இருப்பார்கள். யாருடைய பணத்தைக் காக்க, யாருடைய படிப்புக்காக அவர்கள் கையை மூடிக்கொண்டார்கள் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். சிலர் நிஜமாகவே கஞ்சர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் அல்ல.