கடன்பட்டவர் யார்?

பட்டப்படிப்பு, அதற்காகும் செலவுக்குத் தகுந்ததுதானா என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இங்கிலாந்திலே 1998ஆம் ஆண்டுக்கு முந்திய சில பத்தாண்டுகளில் உள்நாட்டு முழுநேர மாணவர் பெரும்பாலோர் தம் கையிலிருந்து பல்கலைக்கழகக் கட்டணம் செலுத்தியதில்லை. 2012ஆம் ஆண்டிலோ அக்கட்டணம் ஆண்டொன்றுக்கு 9,000 பவுண் வரை உயர்ந்தது. பட்டத்தோடு கடன் பத்திரத்தையும் பெற்றுக்கொண்டே பெரும்பாலான இளைஞர் அங்கு வெளியேறுகின்றனர். நமது நாட்டிலோ, கன்னங்கரா அவர்களின் முயற்சியினால், பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரையும் கல்வி 1945ஆம் ஆண்டிலே இலவசமாக்கப்பட்டது. எனவே இக்கேள்வி எமக்குரியதன்று என்றே நாம் கருதியிருந்தோம், ஒரு தாய் எம்மிடம் வரும் வரையும்.

அவர் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். மகன் எம்மிடம் கற்றவன். பெற்றோர் வந்துபோகும் நாளொன்றில், எல்லோரும் சென்றபின் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். “சேர், மகனுக்குக் கெம்பஸ் கெடச்சிருக்கு. தோட்ட அடகு வச்சு அனுப்பவா, இல்ல கொழும்புக் கடைக்கே அனுப்பிறவா? படிச்சு முடிச்சா வேல நிச்சயந்தானா?” என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. கூற முடியவில்லை என்பதே உண்மை.

இலவசக் கல்வியில் இலவசமானது கட்டணம் மட்டுமே. உணவு, உடை, போக்குவரத்து, விடுதியில் இடங்கிடையாத காலத்து அறை வாடகை ஆகிய யாவும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. 1981ஆம் ஆண்டில் தோன்றிய மகாபொல நிதியம் வறிய மாணவர்க்கு மாதந்தோறும் உதவுகின்றது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. ஓரிளைஞன் ஒரு மாதம் உண்டு வாழ அதுவும் போதாது. அதற்கும் முன்னே, பல்கலைக்கழக வாயிலை எட்டுவதற்காகத் தனியார் வகுப்புகளுக்குச் செலுத்திய பணம் வேறு. தகுதி பெற்றும் இடங்கிடையாதோர் தொகையோ, இடம்பெறுவோர் தொகையிலும் பெரிது. அவர்களுக்கென அரசு 2017ஆம் ஆண்டிலே வட்டியில்லாக் கடன் திட்டமொன்றைத் தொடக்கியது. வட்டி இல்லையாயினும் கடன் கடன்தானே? ஆக, கல்விக் கடன் என்பது நம் நாட்டிற்கும் வந்துவிட்டது. சிலருக்கு அது வங்கியின் ஏட்டிலே பதியப்படுகின்றது. சிலருக்குத் தாயின் வெறுங்காதிலே தெரிகின்றது.

கடன்பட்டுக் கற்றவனுக்கு உத்தியோகம் உண்டா? 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே, கற்றும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர் பெருந்தொகையினர் பங்குகொண்டனர். அவ்வாண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாடு வழங்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லை என்று சுட்டிக்காட்டிற்று. அரை நூற்றாண்டு கழிந்து 2020ஆம் ஆண்டிலே, 50,000 வேலையற்ற பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. நோய் அதுவே, மருந்துச் சீட்டு மட்டுமே மாறியிருந்தது.

இதனைக் கண்ட சிலர், “பட்டத்தாற் பயனில்லை, ஏழைப் பிள்ளைகள் கைத்தொழில் கற்கட்டும்” என்கின்றனர். கைத்தொழில் இழிந்ததன்று. ஆயின், இவ்வாறு உபதேசிப்போர் தம் பிள்ளைகளை எங்கே அனுப்புகின்றனர்? கடல் கடந்த பல்கலைக்கழகங்களுக்கன்றோ? தம் மக்களுக்கு முதலீடாகத் தோன்றும் கல்வி, பிறர் மக்களுக்கு மட்டும் வீண்செலவாவது எங்ஙனம்? வேறு சிலரோ, “கல்வி அறிவுக்கே; கூலிக்கன்று” என்பர். உயர்ந்த கூற்றுத்தான். ஆனால் அடகுக்கடை வாயிலில் நிற்கும் தாயிடம் அதைக் கூற நமக்கு நாவெழுமா?

இவ்விரு சாராரும் மாணவனின் வரவையும் செலவையும் மட்டுமே கணக்கிடுகின்றனர். நாம் இன்னொரு கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

1952ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகம் முறைப்படி பேராதனைக்குப் பெயர்ந்தது. முன்னே மகாவலி, பின்னே ஹந்தானை மலை. அம்மலைச் சரிவிலே தேயிலை, அதனிடையே லயங்கள். இலவசக் கல்வி தோன்றிய காலத்திலே நாட்டுக்கு அந்நியச் செலாவணியைப் பெருமளவில் ஈட்டித் தந்தது அத்தேயிலையே. கொழுந்து பறித்தோர் பெற்றதென்ன? 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கிற்று. அவ்வநீதி பெருமளவில் நீங்க 2003ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிற்றான். இலவசக் கல்விக்குத் தம் உழைப்பால் விலை கொடுத்தோரின் பிள்ளைகளே அதனைக் கடைசியாகப் பெற்றனர்.

இதைக் கூறும் நாமும் குற்றமற்றவரல்லேம். பேராதனையிலே தமிழ் கற்ற நான்காண்டுகளும் எமது விடுதிச் சாளரத்தினூடே அந்த லயங்களின் விளக்குகளைக் கண்டோம். அவற்றின் அழகைப் பற்றிக் கவிதையும் எழுதினோம். ஒரு நாளேனும் அங்கு ஏறிச் சென்றோமில்லை. எமது தந்தையார் காணியை ஈடு வைத்தமையை அறிந்திருந்தோம். அவருக்குப் பட்ட கடனை உத்தியோகம் பெற்றபின் தீர்த்தும் விட்டோம். மலைமேல் இருந்தோருக்கும் கடன்பட்டிருந்தோம் என்பது அன்று எமக்குத் தோன்றவில்லை.

ஆகவே, ‘பட்டம் செலவுக்குத் தகுமா?’ என்று அத்தாயிடம் கேட்பது முறையன்று. அவர் செலவை ஏற்கனவே செலுத்திவிட்டார். அவருடைய தாயும் பாட்டியும் செலுத்தினர். கடன்பட்டிருப்பது இந்த நாடு. அதன் செலவிலே கற்று மேல்நிலை எய்திய நம்போன்றோர். தக்க உதவித்தொகையும், கற்றதற்கேற்ற தொழிலும், நல்லாசிரியர் நிறைந்த தோட்டப் பாடசாலைகளும் நாம் இடும் பிச்சையல்ல. திருப்பிச் செலுத்தவேண்டிய தவணைகள்.

அன்று அவரிடம் நாம் கூறியது சிறிதே. “வேலை நிச்சயம் என்று சொல்லமாட்டோம், அம்மா. ஆனால் அவன் படிக்கட்டும்” என்றோம். அவர் சிறிது நேரம் எம் முகத்தையே பார்த்திருந்துவிட்டுப் போனார். மறுவாரம் அவருடைய காதிலே தோடு இல்லை. ஈர்க்குக் குச்சி இருந்தது. அத்தோட்டை மீட்கும் பொறுப்பு அம்மகன் ஒருவனுக்கே உரியதென்று நாம் இனியும் சொல்லிக்கொண்டிருக்கப் போகின்றோமா?