விடுவித்தலும் அறமும்

பிடித்த உயிரை மீண்டும் விட்டுவிட்டால் செய்த தீங்கு தீர்ந்துவிடுமா? பொழுதுபோக்கிற்காகத் தூண்டிலிடுவோர் முன் எழும் வினா இது.

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திற் பாயும் பஃபலோ ஆறு 1972 இல் தேசிய ஆறாக்கப்பட்டது. வசந்த காலத்தில் நண்பர் இருவர் வள்ளமொன்றை நீரோட்டத்தின் போக்கில் விட்டுச் ‘சிறுவாய்ப் பாஸ்’ மீனைத் தூண்டிலிற் பிடிப்பதும், பின் ஆற்றிலேயே விடுவதும் ஆங்கு பலர்க்கும் வழக்கம். கொல்லாமையால் தாம் குற்றமற்றவர் என அவர்கள் கருதுதல் இயல்பே.

ஆயின் அம்மீனின் வாழ்க்கை வேறொன்றை உணர்த்துகின்றது. நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசைக் கடக்கும் அப்பருவத்தில், ஆண் மீன் பரற்கற்களிடையே குழியமைக்கும். பெண் மீன் முட்டையிட்டு அகலும். முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பது ஆணே. நெருங்கும் எதனையும் அது தாக்குமாதலால் தூண்டிலையும் எளிதிற் கவ்வுகின்றது. அதன் காவலுணர்ச்சியே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது. அது வள்ளத்திலிருக்கும் சில நிமிடங்களுள் பிற மீன்கள் முட்டைகளை உண்டுவிடக்கூடும்.

விடுவித்தவன் கண்ட உயிர் ஒன்று. காணாத உயிர்கள் பல. நோக்கத்தை மட்டும் அளப்பதே அறமெனில் அவன் நல்லவனே. எனினும், அறியக்கூடியதை அறிய முயலாமை நோக்கத்தின் தூய்மைக்கே இழுக்காகும். நட்பின் இன்பமோ மீனைச் சார்ந்ததன்று; ஆறும் உரையாடலும் உடனிருப்பும் அதற்குப் போதும்.

எனவே, குழியைக் காத்து நிற்கும் மீனைக் கண்டதும் தூண்டிலை எடுத்துக்கொண்டு அப்பாற் செல்பவனே அதனை மெய்யாக விடுவித்தவன் ஆவான்.